கொலைகாரனுக்கு இசை இல்லை

அத்தியாயம் பன்னிரண்டு

விடிய ஐந்தரைக்குக் கைபேசி அடித்தபோதே பத்மாசனிக்குத் தெரிந்துவிட்டது, அண்ணன்தான். கோழி கூவி முடிக்க முதல் கூப்பிடுகிற ஆள் இந்த உலகத்தில் வேறு யார்?

“பத்மா, இசைத் தாளிலை ஏழாவது இடத்திலை நீ ஒண்டும் எழுதேல்லையே! வெறுமையாக் கிடக்குது!” வவுனியாவிலிருந்து சின்னராசா போட்ட சத்தத்தில் அடுப்படியில் படுத்திருந்த பூனை எழுந்து வெளியே போய்விட்டது.

“அந்த இடம் அப்பிடித்தான் அண்ணை. வெறுமையா விடுங்கோ.”

“விசர்க் கதை கதையாதை! பத்து மணிக்கு ரெக்கோடிங். நீயும் கிளிநொச்சிக்கு வந்து பின்னாலை ஒரு கதிரையிலை இரு. எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தனீ எண்டு சொல்லுவம்.”

மறுமொழி கேட்க அவருக்கு நேரமில்லை. வைத்துவிட்டார்.

இந்த அண்ணனைப் பற்றி இடையில் வந்து சேர்ந்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்பது வருடத்துக்கு முன், வீட்டுக்கு வீடு தொலைக்காட்சிப் பெட்டி வராத காலத்தில், கொழும்பில் ஒரு சின்னக் கம்பனி ‘கதவிலக்கம் பதினேழு’ என்று ஒரு துப்பறியும் நாடகம் எடுத்தது. பதின்மூன்று வாரம் ஓடியது. அதன் தொடக்க இசையைக் கேட்டால் சின்னப்பிள்ளைகள் தாயின் சேலைக்குள் முகம் புதைக்குமாம். ‘இசை: சின்னராசா’ என்று எழுத்து ஓடும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மனிதர் வாங்காத பொன்னாடை இல்லை, ஏறாத மேடை இல்லை.

ஆனால் அதில் ஒரு சுரம்கூட அவர் போட்டதில்லை. அப்போது அவரோடு கொழும்பில் தங்கி ஆசிரியப் பயிற்சி படித்த இருபத்திரண்டு வயதுத் தங்கை போட்டது. தாய் தகப்பன் இல்லாத பெட்டை, கலியாணம் பேசுகிற நேரம், பெயர் ரீவியில் வந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்லுவார்களோ என்று பயந்து, “இப்போதைக்கு என்ரை பேரைப் போடுவம்” என்றார் அண்ணன். அந்த ‘இப்போதைக்கு’ இன்னும் முடிந்தபாடில்லை.

இப்போது அதே பெயரில் நாடகம் புதுக்கதையோடு மறுபடி வருகிறது. இசை பழையவரே. அதாவது, மறுபடியும் பத்மாசனி காட்சிகளைப் பார்த்து இசை எழுதிக் கொடுக்க, அண்ணன் கொண்டுபோய்க் கொடுக்கிறார். போன கிழமை அவருடைய பையிலிருந்து விழுந்த தாள்களில் அம்மாவின் கையெழுத்தைக் கண்டு, மகள் யதுர்ஷிகா அடுப்படிக் கதவை மறித்து நின்று உண்மையை எல்லாம் பிடுங்கியெடுத்தாள். ‘ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்’ என்று அவளிடம் தலையில் கை வைத்துச் சத்தியமும் வாங்கியாயிற்று.

சத்தியம் வாங்கினால் பெண்பிள்ளை சும்மா இருப்பாளா? அவளும் அந்த ஒலிப்பதிவில் வயலின் வாசிக்கிறவள். வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தாயின் முன்னால் வந்து நின்றாள்.

“அம்மா, நாலு மணிக்கு எழுத்திலை ஓடுற பேர் எல்லாம் கொழும்புக்குப் போகுது. போனால் போனதுதான், பேந்து மாத்தேலாது எண்டு டைரக்டர் றிஃபாத் அண்ணா சொன்னவர்.”

“அதுக்கு?”

“நாலு மணிக்குள்ளை நீங்கள் வாய் திறக்கவேணும். நான் சத்தியத்தை மீறமாட்டன். ஆனா மாமான்ரை பேர் போனால், இண்டையோடை நான் வயலினைத் தொடவும் மாட்டன்.”

“என்னடி வெருட்டுறாய்?”

“ஓம், வெருட்டுறன்தான்!” என்றுவிட்டு அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

அண்ணன் பத்மாசனியைப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்தவர். தான் கலியாணம் கட்டாமல் இவளுக்குக் கட்டிவைத்தவர். அந்த மனிதரை நாலு பேர் முன்னால் கள்ளன் ஆக்கச் சொன்னால், எந்தத் தங்கைக்கு வாய் வரும் சொல்லுங்கள்? ஆனால் மகள் சொன்னதிலும் பிழை இல்லையே. தன் பெயரை ஒருதரமாவது அந்த எழுத்தில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பத்மாசனிக்கு இல்லையென்று யார் சொன்னது? இருந்தது. நாற்பது வருடமாக இருந்தது.

அன்றைக்குப் பார்த்து முரசுமோட்டையில் அவர்கள் வயலுக்கு வெட்டு மெசின் வந்து நிற்கிறது. கிழக்கே மழை இருட்டுகிறது. கணவர் பரமலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பில் நின்றார்.

“இஞ்சேருங்கோ, என்னை ஒருக்காக் கிளிநொச்சியிலை இறக்கிவிடுங்கோ.”

“இப்பவோ? மெசின்காரன் தொடங்கப் போறான்!” என்றவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அடுத்த வயல்காரரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

பரந்தன் சந்தி தாண்டியதும் பத்மாசனி அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்லத் தொடங்கினாள். முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் இத்தனை வருடமும் பயம். முதுகுக்குச் சொல்வது சுகமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் பேர் போட்டதையும், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று மறைத்ததையும், அந்த மாப்பிள்ளை இவர்தான் என்பதையும்.

வண்டி சடாரென்று தெருவோரம் நின்றது. பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான்.

“என்ன, அந்த ‘டங்... டடங்...’ உம்மடையோ?”

“ஓம்.”

“அடி கடவுளே!” பரமலிங்கம் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அவளை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “நான் அதைக் கேக்கிறதுக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நாலு மைல் சைக்கிள் உழக்கிப் போனனான் தெரியுமோ? கடைக்காரன் பற்றறி போட்டு ரீவி காட்டினவன். ஒரு கிழமை பற்றறி இறங்கிப் போச்சுதெண்டு அவனோடை அடிபடப் போனனான். அதைப் போட்ட ஆளைத் தெரிஞ்சிருந்தால் நான் பொருத்தமும் பாத்திருக்கமாட்டன், அடுத்த நாளே வந்து கட்டியிருப்பன்!”

“சத்தம் போடாதேங்கோ, சனம் பாக்குது.”

“பாக்கட்டும்! அது சரி, அந்தப் பேர் இண்டைக்கு ஆருக்கு வருது?”

“வண்டியை எடுங்கோ” என்றாள் பத்மாசனி. அவரும் எடுத்தார். ஆனால் ஒலிப்பதிவு மண்டப வாசலில் இறக்கிவிட்ட பிறகும் அவர் திரும்பிப் போகவில்லை. வண்டியை மர நிழலில் நிறுத்திவிட்டு, “மெசின் தன்ரை பாட்டிலை வெட்டும்” என்று இறங்கி நின்றுகொண்டார்.

மண்டபம் என்றால் பெரிய மண்டபம் இல்லை. பழைய ரியூசன் வகுப்பு. சுவரெல்லாம் மெத்தை அறைந்து, சத்தம் வரும் என்று காற்றாடியையும் நிறுத்தியிருந்தார்கள். வேர்த்து ஒழுகியது. முன்னால் பெரிய திரை. அதற்கு எதிரே ஆறு பேர். கடம் மூக்கன் அண்ணை, கீபோட் பிரதீபன், வயலினோடு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு யதுர்ஷிகா, இன்னும் மூவர். நடுவில் பட்டுச் சால்வையோடு சின்னராசா கை வீசிக்கொண்டு நின்றார்.

பத்மாசனி சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிக் கதிரையில் அமர்ந்தாள்.

நாடகத்தின் முதல் வாரக் காட்சி திரையில் ஓடியது. ஒரு வீட்டுக்காரரைக் காணவில்லை. அயலவர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். ஏழாவது இடம் வந்தது. பக்கத்து வீட்டு ரீச்சர் வாசல் படலையைத் திறந்துகொண்டு வருகிறா, கதிரையில் இருக்கிறா. சின்னராசா கையைக் காட்ட, பிரதீபன் கீபோட்டில் புல்லாங்குழல் வாசித்தான். தேன் மாதிரித்தான் இருந்தது. பத்மாசனிக்குச் சோற்றில் கல் கடித்ததுபோல இருந்தது.

“நிப்பாட்டுங்கோ” என்றான் றிஃபாத். வவுனியாப் பிள்ளை, முப்பத்தைந்து வயதிருக்கும். குரல் உயர்த்தாத டைரக்டர். “சேர், உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். பழைய நாடகத்தைப் பதின்மூண்டு வாரமும் நான் எத்தினையோ தரம் பாத்திட்டன். அதிலை தபால்காரர் வாற இடத்திலை எல்லாம் இசை பட்டெண்டு நிக்குது. நாலு செக்கன், அஞ்சு செக்கன். வேறை ஆர் வந்தாலும் நிக்கேல்லை. அது ஏன் சேர்?”

சின்னராசா சிரித்தார். பாவம், அந்தச் சிரிப்பை அவர் எத்தனை மேடையில் சிரித்திருப்பார்!

“அது தம்பி, இசை பதிஞ்ச ரேப் பழுது! அந்தக் காலத்து ரேப் அப்பிடித்தான், இடைக்கிடை விழுங்கிப்போடும். நான் போற இடமெல்லாம் அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் வாறன். இந்தமுறை ஓர் இடமும் விடாமல் நிரப்பித் தாறன், பயப்பிடாதையும்!”

றிஃபாத் கையிலிருந்த பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்தான்.

பத்மாசனிக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. ரேப் பழுதா? ரேப் பழுதா!

அந்த நாள் ஒலிப்பதிவு என்றால் இப்போதுபோல வெட்டி ஒட்டுகிற விளையாட்டா? படத்தை ஒருதரம் போட்டுக் காட்டுவார்கள். நேரத்தைப் பார்த்துப் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். ஒருவர் தும்மினாலும் மறுபடி முதலிலிருந்து. அப்படிப்பட்ட இடத்தில்தான் அவள் இடது கையை உயர்த்தி, அன்று வாசித்த ஆறு பேரையும் ஐந்து செக்கன் மூச்சுவிடாமல் நிறுத்தினாள். அந்த நேரம் அண்ணன் உள்ளே இல்லை. வெளியே கம்பனிக்காரரோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார். எப்படித் தெரியும் அவருக்கு?

பேரை எடுத்தது பரவாயில்லை. பொன்னாடை போனதும் பரவாயில்லை. தன் வாழ்க்கையில் செய்ததற்குள் எதை நினைத்து அவள் இரகசியமாகப் பெருமைப்பட்டாளோ, அதற்குப் போய் இந்த மனிதர் ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாரே!

“அது ரேப் பழுதில்லை!”

சாப்பாட்டுப் பை தரையில் விழுந்தது. எல்லோரும் திரும்பினார்கள். யதுர்ஷிகாவின் கண் இரண்டும் விரிந்தன.

“பத்மா, நீ பேசாமல் இரு...” சின்னராசா றிஃபாத்தின் பக்கம் திரும்பினார். “தம்பி, அது என்ரை தங்கச்சி. சாப்பாடு கொண்டு வந்தவ.”

றிஃபாத் எழுந்து அவளிடமே வந்தான். “அன்ரி, பழுதில்லை எண்டால் வேறை என்ன?”

“கொலைகாரனுக்கு இசை இல்லைத் தம்பி.” நடுக்கம் எல்லாம் அந்த முதல் வசனத்தோடு போய்விட்டது. “துப்பறியும் கதையிலை கதாசிரியர் கொலைகாரனை ஒளிக்கிறார். டைரக்டர் ஒளிக்கிறார். இசைக்காரரும் ஒளிக்கவேணும், ஆனா சனத்துக்கு ஒரு நேர்மையும் வேணும். அழுறவனுக்கு வாசிக்கலாம், பயப்பிடுறவனுக்கு வாசிக்கலாம். எல்லாத்தையும் தெரிஞ்சுகொண்டு சும்மா நிக்கிறவனுக்கு என்னத்தை வாசிக்கிறது? அதுதான் நிப்பாட்டினது. முதல் கிழமை ஒருத்தருக்கும் விளங்காது. மயிர் மட்டும் கூச்செறியும். பதின்மூண்டாம் கிழமை தபால்காரன்தான் எண்டு விளங்கேக்கை தலையிலை கை வைப்பினம்.”

பிரதீபன் கீபோட்டிலிருந்து கையை எடுத்தான்.

“அப்ப இந்த ஏழாவது இடம்...” றிஃபாத் மெதுவாகக் கேட்டான்.

“ஒண்டும் வாசிக்கக்கூடாது. ரீச்சர்தானே கொலைகாரி?”

றிஃபாத்துக்கு முகம் வெளிறியது. “அல்லாவே! அன்ரி, அது எனக்கும் கதை எழுதின ஆளுக்கும் மட்டும்தான் தெரியும். நடிக்கிற அக்காவுக்கே இன்னும் சொல்லேல்லை! உங்களுக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. வாற ஆக்கள் எல்லாரும் ‘ஐயா எங்கை, எங்கை போனவர்’ எண்டு கேக்கினம். ரீச்சர் மட்டும் கேக்கேல்லை. வந்தவ, இருந்தவ. பிரேதம் எங்கை கிடக்கு எண்டு தெரிஞ்ச ஆளுக்கு என்னத்துக்குக் கேள்வி?”

“ஐயோ!” என்று மூக்கன் அண்ணை கடத்தை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டார். “நான் அந்த மனுசி நல்ல மனுசி எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்!”

றிஃபாத் ஒரு நிமிடம் தரையைப் பார்த்தான். பிறகு சின்னராசாவைப் பார்த்தான். அவர் சால்வை நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். றிஃபாத் ஒதுங்கி நின்று, “அன்ரி, முன்னாலை வாங்கோ” என்று மட்டும் சொன்னான்.

பத்மாசனி போனாள். அறுபத்திரண்டு வயதுக் கால், இருபத்திரண்டு வயதில் நடந்தமாதிரி நடந்தது. பிரதீபனுக்குப் புல்லாங்குழலை மறக்கச் சொன்னாள். மூக்கன் அண்ணைக்கு ரீச்சருடைய செருப்புச் சத்தத்துக்கு முந்திய அடியில் நிறுத்தச் சொன்னாள். மகளைப் பார்த்து, “பிள்ளை, வில்லை எடுக்கேக்கை கம்பியிலை உரசினாயோ, மகள் எண்டு பாக்கமாட்டன்” என்றாள்.

“ஓம் சேர்!” என்றாள் யதுர்ஷிகா. எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

“ஒரே மூச்சிலை வாசிக்கிறம். வெட்டி ஒட்டுற வேலை என்னட்டை இல்லை.”

காட்சி ஓடியது. கடம் மெல்லத் தட்ட, வயலின் கீழ்ச் சுரத்தில் ஊர்ந்து வர, அயலவர்கள் வந்தார்கள், கேட்டார்கள், அழுதார்கள். ரீச்சர் படலையில் கை வைத்தா. பத்மாசனியின் இடது கை உயர்ந்தது. அப்படியே எல்லாம் நின்றது. திரையில் ஒரு பெண் நடந்து வந்து கதிரையில் இருந்ததற்கு, அந்த வேர்த்து ஒழுகுகிற அறையில் எல்லோருக்கும் குளிர்ந்தது.

அந்த அமைதிக்குள், வாசலில், பட படவென்று கைதட்டல்!

பரமலிங்கம்தான். தலைமயிரில் வைக்கோல் தூசி, கண்ணில் தண்ணி, தன்னை மறந்து தட்டிக்கொண்டு நிற்கிறார்.

“இஞ்சேருங்கோ!” பத்மாசனி போட்ட அதட்டில் மைக் நடுங்கியது. “வெளியிலை போய் நில்லுங்கோ! முதலிலை இருந்து வாசிக்கவேணும் இனி!”

மனிதர் கோவில் பிரசாதம் வாங்கியவர்போலச் சிரித்துக்கொண்டே வெளியே போனார். இரண்டாம் தரம் வாசித்தார்கள். மூன்றாம் தரமும் வாசித்தார்கள், அது கடம் பிழைத்ததால். நான்காம் தரம் முடிந்தபோது றிஃபாத் எழும்பி நின்றான். ஒருவரும் வாய் திறக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு இசைக்காரருக்கு ஏது? பத்மாசனிக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அடக்கிக்கொண்டாள்.

மூன்றே முக்கால். றிஃபாத் கணினியைத் திறந்தான். ‘இசை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இடம் வெறுமையாக இருந்தது. அவன் யாருடைய பெயரையும் கேட்கவில்லை, காத்திருந்தான்.

சின்னராசா தொண்டையைச் செருமினார். “ரெண்டு பேரின்ரை பேரையும் போடலாம்தானே தம்பி? அண்ணன் தங்கச்சி. வடிவாயும் இருக்கும்.”

எல்லோரும் பத்மாசனியைப் பார்த்தார்கள். அண்ணன் முகத்தில் கெஞ்சல் இருந்தது. முதல் சைக்கிள் பழக்கியபோது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்த அதே முகம். ஆனாலும் சொன்னாள்.

“இல்லை அண்ணை.”

அவ்வளவுதான்.

சின்னராசா பட்டுச் சால்வையை எடுத்து மடித்து, கதிரையில் வைத்தார். “அவவின்ரை பேரைப் போடும் தம்பி. பழைய நாடகத்துக்கும் அவதான். நான் அண்டைக்கு வெளியிலை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டனான்.”

இசை: பத்மாசனி.

றிஃபாத் எழுத்தைப் பெரிதாக்கித் திரையில் போட்டுக் காட்டினான். யதுர்ஷிகா வயலினைக் கதிரையில் போட்டுவிட்டு ஓடிவந்து தாயைக் கட்டிப்பிடித்தாள். மூக்கன் அண்ணை கச்சேரி முடிவில் வாசிப்பதுபோலக் கடத்தில் ஒரு தீர்மானமே வாசித்து முடித்தார். வாசலுக்கு வெளியே நின்ற பரமலிங்கம், ‘இப்ப தட்டலாமோ?’ என்று சைகையால் கேட்டு, ‘ஓம்’ என்று பத்மாசனி தலையாட்டிய பிறகே கைதட்டினார். நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பெயர் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது.

தேத்தண்ணி இடைவேளையில் சின்னராசா தங்கையைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டார். மனிதர் ஒரு நாளிலேயே கிழவனாகியிருந்தார்.

“நீ சொன்னது சரிதான் பத்மா. எனக்குக் கோவமில்லை. ஆனா இண்டைக்குச் சொல்லாட்டி நான் இனி எண்டைக்கும் சொல்லமாட்டன்.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “எண்பத்தாறிலை உன்ரை பேருக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய டைரக்டர் எழுதினது. அந்தாளுக்கு முதலே எல்லாம் தெரிஞ்சிருக்கு. அடுத்த நாடகத்துக்கு உன்னைத்தான், உன்ரை பேரிலைதான் இசையமைக்க வரச்சொல்லி எழுதியிருந்தார். நான் உனக்குத் தரேல்லை.”

பத்மாசனிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “கிழிச்சுப் போட்டியளோ?”

“இல்லை. கிழிக்க மனம் வரேல்லை. அதுக்குள்ளை இன்னொரு விசயமும் கிடக்கு. நீயே வாசிச்சால்தான் நல்லது.”

அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. நாற்பது வருடத்தில் இன்னும் எத்தனை நாடகம், இன்னும் எத்தனை இசை! அவள் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து றிஃபாத்தின் குரல் கேட்டது.

“பத்மாசனி அன்ரி, எட்டாவது இடம் தொடங்குவமோ? எல்லாரும் உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கினம்.”

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

“நாளைக்கு விடிய அந்தக் கடிதத்தோடை முரசுமோட்டைக்கு வாங்கோ அண்ணை. என்ரை மனுசனும் மகளும் இருக்கேக்கை, நீங்களே சத்தமா வாசிக்கவேணும். இப்ப எனக்கு வேலை கிடக்கு.”

உள்ளே போனாள். ஒலிப்பதிவு நேரம் கதவு திறந்திருக்கக்கூடாது என்பதால், தானே கதவைச் சாத்தினாள்.